அரசு அலுவலகத்துக்கு வழக்கு வந்தால்: தபால் முதல் சாட்சிக் கூண்டு வரை யாருக்கு என்ன சட்டக் கடமை?

உயர் நீதிமன்றத்திலிருந்து வரும் அறிவிப்புக்குத் தபால் பிரிவில் முத்திரை குத்துவார்கள். தன்பதிவேட்டில் ஓர் எண் ஏறும். 'தொடர் நடவடிக்கைக்காக' என்ற குறிப்போடு அது ஓர் உதவியாளரின் மேசைக்குப் போகும். அவர் விடுப்பில் இருப்பார், இல்லையென்றால் ஜமாபந்தி வேலையில் தலைக்கு மேல் மூழ்கியிருப்பார். இப்படிக் கிடப்பில் விழுந்த கடிதம்தான் ஒன்றரை ஆண்டு கழித்து நீதிமன்ற அவமதிப்பு மனுவாக உருமாறி, மாவட்ட அதிகாரியை நீதிபதிக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்துகிறது. அரசுத் தரப்பில் சில ஆண்டுகளும் எதிர்த்தரப்பில் பல ஆண்டுகளும் வாதாடியவன் என்ற முறையில் சொல்கிறேன்: நான் பார்த்த அவமதிப்பு வழக்குகளில் வேண்டுமென்றே கெடுத்தவை குறைவு, கவனிக்காமல் கெட்டவை அதிகம்.

இந்த வழிகாட்டி இந்தியச் சட்டத்தையும் தமிழ்நாட்டு நீதிமன்ற நடைமுறையையும் வைத்து எழுதியது. அரசு அலுவலர், உள்ளாட்சிப் பணியாளர், மருத்துவர், நில அளவர், வழக்கறிஞர் எல்லோருக்கும் பொருந்தும் பகுதிகள் இதில் உண்டு. அரசை எதிர்த்து வழக்குப் போட்டிருப்பவரும் படிக்கலாம். எதிர்த்தரப்பு உங்களுக்கு என்னென்ன செய்யக் கடமைப்பட்டது என்று தெரிந்திருப்பது நல்லதுதானே.

ஒன்றை மட்டும் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தனி மனிதர் நீதிமன்றத்துக்கு ஜெயிக்கப் போகிறார். பொது அமைப்பு அப்படிப் போக முடியாது. தன் கோப்பில் இருப்பதைச் சாதகம் பாதகம் பார்க்காமல் எடுத்து வைக்கவே அது அங்கே போகிறது. இதை ஒரே வரியில் சொல்லும் தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. அரசமைப்பின் 14-ஆம் உறுப்பு, சாட்சியச் சட்டம், சத்தியப்பிரமாணம், தகவல் அறியும் உரிமைச் சட்டம், ஏராளமான தீர்ப்புகள் என்று பல இடங்களில் அது சிதறிக் கிடக்கிறது.

படி 1: வழக்கு வருவதற்கு முன்பே காரணத்தை எழுதி முடியுங்கள்

'தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டு, ஏற்க இயலாது எனத் தெரிவிக்கப்படுகிறது.' இந்த ஒற்றை வரி உத்தரவு வழக்கறிஞர்களுக்குப் பிழைப்புக் கொடுக்கும் வரி. ஏன் ஏற்க இயலாது? எந்த அரசாணையின் எந்தப் பத்தி தடுக்கிறது? எந்த ஆவணம் இல்லை? இவற்றை உத்தரவிலேயே எழுத வேண்டும். ஏனென்றால் வழக்கு வந்த பிறகு எழுத முடியாது.

மொகிந்தர் சிங் கில் வழக்கில், 1977 டிசம்பரில், உச்ச நீதிமன்றம் இதை அறுதியிட்டுச் சொல்லிவிட்டது. ஓர் உத்தரவு செல்லுமா செல்லாதா என்பதை அதில் எழுதியுள்ள காரணங்களை வைத்தே பார்க்க வேண்டும். பின்னால் பிரமாணப் பத்திரத்தில் புதுக் காரணங்களைச் சேர்த்து முட்டுக்கொடுக்க முடியாது. நாளாக ஆக மெருகேற உத்தரவு ஒன்றும் பழைய ஒயின் அல்ல என்ற உவமையையும் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்தத் தீர்ப்பில் சொன்னார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(ஈ) பிரிவும், நிர்வாக முடிவுகளுக்கான காரணத்தைப் பாதிக்கப்பட்டவரிடம் சொல்லச் சொல்கிறது. அவர் விண்ணப்பம் போடும்வரை காத்திருக்கக் கூடாது.

உரிமையியல் வழக்கானால் இன்னொரு முன்னெச்சரிக்கை மணி உண்டு. அரசின் மீதோ, பதவி வழியில் அலுவலர் மீதோ வழக்குப் போட, உரிமையியல் நடைமுறைச் சட்டம் 80-ஆவது பிரிவின்படி 2 மாத முன்னறிவிப்புத் தர வேண்டும். அவசரமென்றால் நீதிமன்ற அனுமதியோடு அதைத் தவிர்க்கலாம். அந்த 2 மாதம், தவறு நடந்திருந்தால் சரிசெய்துகொள்ள அரசுக்குக் கிடைத்த அவகாசம். நடைமுறையில் பெரும்பாலான முன்னறிவிப்புகளுக்குப் பதிலே போவதில்லை. சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் இதைக் கடிந்து, இந்த முன்னறிவிப்புகளைக் கவனிக்க ஓர் அலுவலரை நியமிக்கச் சொன்னது. பதில் தராவிட்டாலோ, மழுப்பலாகத் தந்தாலோ அரசின் மீது கனத்த செலவுத்தொகை விதிக்கலாம் என்றும் சொன்னது.

படி 2: அறிவிப்பு வந்த அன்றே செய்ய வேண்டியவை

மூன்று தேதிகளைக் கோப்பின் மேலட்டையிலேயே எழுதுங்கள்: அறிவிப்பு கிடைத்த நாள், அடுத்த வாய்தா, பதிலுரைக்கான கடைசி நாள். உரிமையியல் வழக்கில் எதிர்வழக்குரைக்கு 30 நாள். நீதிமன்றம் காரணம் பதிந்து 90 நாள்வரை நீட்டிக்கலாம். அரசு நடவடிக்கையை எதிர்த்து நேரே உயர் நீதிமன்றத்தில் போடும் ரிட் மனுவில் நீதிமன்றம் தரும் அவகாசமே கணக்கு. அங்கே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மனு முதன்முதலில் விசாரணைக்கு வரும்போதே அரசு வழக்கறிஞர் எழுந்து நோட்டீஸை ஏற்றுக்கொண்டுவிடுவார். அலுவலகத்துக்கு அவரிடமிருந்து ஒரு கடிதமும் மனுவின் நகலும்தான் வரும். 'எங்களுக்கு நோட்டீஸே வரவில்லை' என்ற பேச்சு அதன்பிறகு எடுபடாது.

அடுத்தது கோப்பு. குறிப்புக் கோப்பு, நடப்புக் கோப்பு இரண்டையும் வரவழைத்து, பக்க எண் போட்டு, கடைசிப் பக்கத்தில் மொத்தப் பக்கங்களை எழுதிக் கையெழுத்திடுங்கள். இதில் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் 'இந்தத் தாள் பிறகு சொருகப்பட்டது' என்ற குற்றச்சாட்டிலிருந்து காப்பாற்ற இதைவிட மலிவான வழி வேறில்லை. மின் கோப்பு, வாட்ஸ்அப் செய்தி, கண்காணிப்புக் கேமராப் பதிவு எல்லாம் இதில் சேர்த்தி. கேமராப் பதிவு தானாக அழிந்துவிடும் என்பதால் அதை முதலில் எடுத்து வையுங்கள். நீதிமன்றத்தில் காட்டவேண்டி வரும் என்று தெரிந்தே ஆவணத்தை ஒளிப்பதும் அழிப்பதும் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த சட்டம்) 241-ஆவது பிரிவின்படி குற்றம்.

படி 3: பத்திவாரிக் குறிப்பு, இங்கேதான் வழக்கு முடிவாகிறது

அரசு வழக்கறிஞர் பத்திவாரிக் குறிப்பு கேட்பார். பாராவைஸ் ரிமார்க்ஸ் என்றே எல்லா அலுவலகத்திலும் சொல்வார்கள். மனுவின் ஒவ்வொரு பத்திக்கும் துறையின் பதிலை எழுதி அனுப்புவது. பலர் இதை எழுதும் அழகு: '3 முதல் 9 வரையிலான பத்திகள் உண்மைக்குப் புறம்பானவை, மறுக்கப்படுகின்றன.' அதில் 5-ஆவது பத்தி, மனுதாரர் 2011-இல் பணியில் சேர்ந்தார் என்பதாக இருக்கும். அதையும் சேர்த்து மறுத்தாயிற்று! இப்படி ஒன்றைப் படித்த நீதிபதி, மற்ற மறுப்புகளை எந்தக் கண்ணோடு பார்ப்பார்?

ஒவ்வொரு பத்தியையும் மூன்றில் ஒன்றாகப் பிரியுங்கள்: ஒப்புக்கொள்வது, மறுப்பது, எங்களுக்குத் தெரியாதது. மறுத்தால் எந்த ஆவணத்தின் எந்தப் பக்கத்தை வைத்து மறுக்கிறீர்கள் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். உரிமையியல் வழக்கில் குறிப்பிட்டு மறுக்காத சங்கதியை ஒப்புக்கொண்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். மழுப்பலான மறுப்பும் மறுப்பில் சேராது.

மனுதாரருக்குச் சாதகமான தாள் கோப்பில் இருந்தால்? வட்டாட்சியர் பரிந்துரைத்து, மேலே நிராகரித்திருப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பரிந்துரையைக் குறிப்பில் எழுதுங்கள், வழக்கறிஞருக்கு நகல் அனுப்புங்கள். மறைத்தால் என்ன என்று தோன்றும். தகவல் உரிமைச் சட்டத்தில் அந்த நகலை மனுதாரர் ஏற்கனவே வாங்கிவைத்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. நீங்கள் பிரமாணத்தில் 'அப்படி ஒரு பரிந்துரை இல்லை' என்று சொன்ன பிறகு அவர் அதை எடுத்து நீட்டுவார். நான் எதிர்த்தரப்பில் இருந்தபோது அந்த நிமிடத்துக்காகவே காத்திருந்திருக்கிறேன்.

படி 4: எதிர் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்து

எதிர் பிரமாணப் பத்திரத்தைக் கவுண்டர் என்பார்கள்; அதில் கையெழுத்திடுபவர், 'நான் மேலே சொன்னது உண்மை' என்று சத்தியம் செய்கிறார். கையெழுத்து அரசு முத்திரையோடு இருந்தாலும் சத்தியம் தனி மனிதருடையது. நீதிமன்ற நடவடிக்கையில் பொய்ச் சாட்சியம் தந்தால் 7 ஆண்டுவரை சிறை, 10,000 ரூபாய்வரை அபராதம் என்கிறது நியாய சன்ஹிதா 229-ஆவது பிரிவு. 'மேலிடத்தில் சொன்னார்கள், போட்டேன்' என்பது இங்கே செல்லாது. எந்தப் பத்தி உங்கள் நேரடி அறிவு, எது பதிவேட்டிலிருந்து எடுத்தது, எது சட்ட ஆலோசனையின்பேரில் சொல்வது என்று கடைசிப் பத்தியில் பிரித்துச் சொல்லும் வழக்கம் இதற்காகவே வந்தது.

நம் ஊருக்கே உரிய ஓர் ஆபத்து இங்கே இருக்கிறது. கோப்பு தமிழில் இருக்கும், உயர் நீதிமன்றக் கவுண்டர் ஆங்கிலத்தில் போகும். ஒரு நில வழக்கில், 'மேற்படி புறம்போக்கு மனுதாரரின் அனுபவத்தில் உள்ளது' என்ற கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை ஆங்கிலமான விதம் இன்னும் நினைவிருக்கிறது. நிலம் அவர் வசம் இருக்கிறது என்ற பொருளில் வந்த அனுபவம் என்ற சொல் 'எக்ஸ்பீரியன்ஸ்' ஆகிவிட்டது. மனுதாரருக்கு அந்த நிலத்தில் நல்ல அனுபவம் இருப்பதாக அரசே சத்தியம் செய்து தந்தது. நீதிமன்றத்தில் சிரிப்பு எழுந்தது. ஆனால் நிலம் அவர் வசம் இருப்பதை அரசு ஒப்புக்கொள்கிறதா இல்லையா என்ற முக்கியமான கேள்விக்கு அந்தப் பத்திரத்தில் பதிலே இல்லாமல் போய், இன்னொரு கூடுதல் பிரமாணம் போட இரண்டு வாய்தா கழிந்தது. கையெழுத்திடும் அதிகாரி வரைவை ஒருமுறை கோப்போடு ஒப்பிட்டுப் படித்திருந்தால் முடிந்த விஷயம். ஆங்கிலம் சரளமில்லை என்றால் வெட்கப்பட எதுவும் இல்லை. வழக்கறிஞரிடம் பத்தி பத்தியாகத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

படி 5: காட்ட மறுக்கும் ஆவணங்கள்

சில ஆவணங்களைத் தர மறுக்கச் சட்டமே இடம் தருகிறது. இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 129-ஆவது பிரிவு வெளியிடாத அரசு அலுவல் பதிவுகளையும், 130 பதவிவழி நம்பிக்கையில் வந்த தகவல்களையும் பற்றியது. ஆனால் 'ரகசியம்' என்று மேலே எழுதிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். ராஜ் நாராயண் வழக்கு (1975) முதலே நிலை தெளிவு: பொது நலன் பாதிக்கும் என்று துறைத் தலைவர் காரணத்தோடு பிரமாணம் தர வேண்டும், ஆவணத்தைப் பார்த்து முடிவெடுக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு. ஆவணத்தைக் கொண்டுவரச் சொல்லி அழைப்பாணை வந்தால், ஆட்சேபம் இருந்தாலும் கொண்டுபோயே ஆக வேண்டும் என்கிறது 165-ஆவது பிரிவு. ஆட்சேபத்தை அங்கேதான் சொல்ல வேண்டும்.

மின்னணு ஆவணத்துக்கு 63-ஆவது பிரிவுச் சான்றிதழ் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அது இரண்டு பகுதி கொண்ட படிவம்; முதல் பகுதி கருவியை வைத்திருப்பவர் நிரப்புவது, இரண்டாவது நிபுணர் நிரப்புவது, கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பையும் குறிக்க வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி மாதிரியையே தட்டச்சு செய்து அனுப்பும் அலுவலகங்கள் இன்னமும் இருக்கின்றன.

படி 6: குற்ற வழக்கென்றால்

இங்கே மறைப்பின் விலை ஒருவரின் சுதந்திரம் என்பதால் விதிகள் இறுக்கமானவை. குற்றப்பத்திரிகை, வாக்குமூலங்கள், ஆவணங்களின் நகலை எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், ஆஜரான நாளிலிருந்து 14 நாளுக்குள் தந்துவிட வேண்டும் என்கிறது இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 230-ஆவது பிரிவு. அதோடு நிற்கவில்லை. காவல்துறை கைப்பற்றி, ஆனால் வழக்குக்குப் பயன்படுத்தாத பொருள்கள், ஆவணங்களின் பட்டியலையும் எதிரிக்குத் தர வேண்டும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கில் நெறி வகுத்து, மனோஜ் வழக்கில் (2022) அதை வலியுறுத்தியது. எதிரியைக் காப்பாற்றும் தாள் பெரும்பாலும் அந்தப் பட்டியலில்தான் ஒளிந்திருக்கும். அரசுக் குற்றவியல் வழக்கறிஞர் தண்டனை வாங்கித்தரும் முகவர் அல்ல, நீதிமன்றத்தின் அலுவலர்.

படி 7: தீர்ப்பாயம் என்றால் என்ன மாறும்?

மத்திய நிர்வாகத் தீர்ப்பாயமும் பசுமைத் தீர்ப்பாயமும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை அல்ல. இயற்கை நீதியே அவற்றுக்கு அளவுகோல். அதனால் நடைமுறை தளர்வு, கடமை தளர்வு இல்லை. 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தில் இறுதி உத்தரவிலிருந்து 1 ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு முன் துறைக்குள் உள்ள மேல்முறையீட்டை முடித்திருக்க வேண்டும். அந்த மேல்முறையீட்டுக்குப் பதில் தராமல் உட்கார்ந்திருப்பது துறைக்குத்தான் கெடுதல்.

வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் காவல்துறையின் கடமையைப் பலர் அறிவதில்லை. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, விபத்துத் தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையும், விபத்து நடந்த 90 நாளுக்குள் விரிவான விபத்து அறிக்கையும் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். காயம்பட்டவர் ஸ்டேஷனுக்கும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் நடந்து நடந்து காகிதம் சேர்க்க வேண்டிய அவசியமே இருக்கக் கூடாது என்பதுதான் இதன் நோக்கம்.

படி 8: மருத்துவர், நில அளவர், பொறியாளர்

நிபுணரை யார் கூப்பிட்டாலும், அவர் யாருடைய ஆளும் அல்ல. ஜெய்லால் வழக்கில் (1999) உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: முடிவை மட்டும் சொல்லிவிட்டுப் போவது நிபுணரின் வேலை இல்லை, அந்த முடிவு சரியா என்று நீதிபதி தானே உரசிப் பார்க்கத் தேவையான அறிவியல் அளவுகோல்களையும் தர வேண்டும். ஆகவே அறிக்கையில் என்ன பார்த்தீர்கள், எதைக் கொண்டு அளந்தீர்கள், ஏன் இந்த முடிவு, வேறு என்ன சாத்தியம் என்று வரிசையாக எழுதுங்கள்.

நில அளவரைக் கூண்டில் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: 'எந்தக் கல்லிலிருந்து அளந்தீர்கள்?' புலப்படத்தில் உள்ள நிலையான கல்லைத் தேடிப் பிடித்து அளந்தவர் பதில் சொல்லிவிடுவார். வரப்பிலிருந்து அளந்தவரின் அறிக்கை அங்கேயே விழும்.

மருத்துவருக்கு விபத்துப் பதிவேடு, அதாவது ஏ.ஆர். காப்பி. இரவு 2 மணிக்கு அவசரத்தில் எழுதும் அந்த அரைப் பக்கம் மூன்று ஆண்டு கழித்துக் கூண்டில் வரி வரியாக வாசிக்கப்படும். 'இன்னார் கத்தியால் குத்தினார்' என்று எழுதாதீர்கள், நீங்கள் பார்க்கவில்லை. 'தெரிந்த நபர் ஒருவர் கத்தியால் குத்தியதாகச் சொன்னார்' என்று, சொன்னது யார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். காயத்தின் நீளம், அகலம், ஆழம், இடம், நிறம் உங்களுடையவை. அதில் கஞ்சத்தனம் வேண்டாம். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும், உள்நோயாளிப் பதிவுகளை 3 ஆண்டு பாதுகாக்க வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. வழக்கு நடந்தால் 3 ஆண்டு என்று கணக்குப் பார்க்காமல் வைத்திருங்கள்.

கூண்டில் நினைவில்லை என்றால் நினைவில்லை என்றே சொல்லுங்கள். அந்தச் சமயத்தில் நீங்களே எழுதிய குறிப்பைப் பார்த்து நினைவுபடுத்திக்கொள்ள சாக்ஷ்ய அதினியத்தின் 162-ஆவது பிரிவு இடம் தருகிறது; ஆனால் எதிர்த்தரப்பு கேட்டால் அந்தக் குறிப்பை அவர்களுக்கும் காட்ட வேண்டும்.

வழக்கறிஞர்கள் பற்றியும் இரண்டு வரி. கட்சிக்காரர் சொன்ன ரகசியம் அதே சட்டத்தின் 132-ஆவது பிரிவில் காக்கப்படும். குற்றம் செய்யவே ஆலோசனை கேட்டால் அந்தக் காப்பு இல்லை. தனக்குத் தெரிந்த, தனக்கு எதிரான தீர்ப்பையும் நீதிமன்றத்திடம் சொல்ல வேண்டும். கட்டணப் பாக்கிக்காக வழக்குக் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது, அப்படிச் செய்வது தொழில்முறை ஒழுங்கீனம் என்று ஆர்.டி. சக்சேனா வழக்கில் (2000) உச்ச நீதிமன்றம் சொன்னது.

படி 9: உத்தரவு வந்த பிறகு

இரண்டே வழி: நிறைவேற்றுவது, மேல்முறையீடு செய்வது. மூன்றாவதாக 'பார்க்கலாம்' என்று ஒரு வழி நம் அலுவலகங்களில் இருக்கிறது. அதுதான் அவமதிப்புக்குப் போகும் பாதை.

மேல்முறையீட்டு மனு போட்டாலே தடை கிடைத்துவிட்டதாக அர்த்தம் இல்லை. தடை உத்தரவு கையில் வரும்வரை பழைய உத்தரவு உயிரோடுதான் இருக்கிறது. உயர் நீதிமன்றத் தனி நீதிபதியின் ரிட் உத்தரவை எதிர்த்து இரு நீதிபதி அமர்வுக்குப் போக 30 நாள். கோப்பு மேசை மேசையாக நகர நேரம் ஆயிற்று என்ற காரணம் பழைய காலத்தில் செல்லும். 2012-இல் அஞ்சல் துறை 427 நாள் தாமதத்தோடு வந்தபோது, காலவரையறை அரசுக்கும் ஒன்றுதான் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் கதவைச் சாத்திவிட்டது.

நிறைவேற்ற அவகாசம் போதாதென்றால், கெடு முடிவதற்குள் நீட்டிப்பு மனு போடுங்கள். முடிந்த மறுநாள் போடுவதற்கும் முந்தைய நாள் போடுவதற்கும் நீதிபதியின் முகத்திலேயே வித்தியாசம் தெரியும். 'மனுவைப் பரிசீலித்து உத்தரவிடுக' என்று மட்டும் சொல்லியிருந்தால், சாதகமாக முடிவெடுக்க வேண்டியதில்லை. காரணத்தோடு முடிவெடுக்க வேண்டும். முன்பு நீதிமன்றம் ரத்து செய்த அதே காரணத்தை வார்த்தை மாற்றி மறுபடி எழுதுவதுதான் மாட்டிக்கொள்ளும் இடம்.

வேண்டுமென்றே மீறினால் 1971-ஆம் ஆண்டு அவமதிப்புச் சட்டத்தில் 6 மாதம்வரை வெறுங்காவல், 2,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். மீறியதாகச் சொல்லும் நாளிலிருந்து 1 ஆண்டுக்குள் நடவடிக்கை தொடங்க வேண்டும். இடமாற்றத்தில் போகும் அதிகாரி, பொறுப்பு ஒப்படைப்பில் நாற்காலி, பீரோ சாவியோடு நிலுவையிலுள்ள நீதிமன்றக் கெடுக்களின் பட்டியலையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வது இருவருக்கும் நல்லது.

நேரில் வரச் சொல்லி உத்தரவு வந்தால்? அதிகாரிகளை எடுத்ததற்கெல்லாம் வரவழைக்கக் கூடாது, தேவையென்றால் முதலில் காணொளி வாய்ப்புத் தர வேண்டும், உடையையோ படிப்பையோ கேலி பேசக் கூடாது என்று 2024 ஜனவரி 3-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நடைமுறை வகுத்திருக்கிறது. அதைச் சுட்டிக் காணொளிக்கு விண்ணப்பிக்க அரசு வழக்கறிஞரிடம் சொல்லலாம். அனுமதி கிடைக்கவில்லையென்றால் போய்த்தான் ஆக வேண்டும். போகும்போது பக்க எண் போட்ட அந்தக் கோப்பை நீங்களே கையில் எடுத்துக்கொண்டு போங்கள், முந்தின இரவு முழுக்கப் படித்துவிட்டு.